தபால் அக்காவின் பட்டுவாடாப் புத்தகம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறை. படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் 'கலைஞர் பிரதிநிதி' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. அந்தப் பலகையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கீழே கண்ணாடிக் கடைக்காரரிடம் வந்து, "தபால் அக்கா ஆபீஸ் எதுங்க?" என்றுதான் கேட்பார்கள்.

"மேல ஏறுங்க. எங்க மூச்சு முட்டுதோ அதுதான்" என்பார் அவர்.

உள்ளே ஒரு மேஜை, அக்காவின் இருக்கை போக, வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலிகள். அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். அது நடிகர்களைத் தேடி வரும் கம்பெனிக்காரர்களுக்கு. "நல்ல நாற்காலி போட்டா நடிகருக்குக் கொடுக்கிறதைக் குறைச்சுப் பேசிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. இதுல உக்காந்தா பத்து நிமிஷத்துல ஒத்துக்கிட்டு எழுந்து போயிடுவாங்க" என்பது அக்காவின் கணக்கு. மேஜைமேல் ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு தேதி முத்திரை, ஊதா மை அட்டை, கெட்டி அட்டை போட்ட நீளமான புத்தகம் ஒன்று. அந்தப் புத்தகத்துக்குப் பட்டுவாடாப் புத்தகம் என்று பெயர்.

தபால் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் தபால் ஆபீஸில் பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவள். கடிதத்தை உரியவரிடம் சேர்த்து, கையெழுத்து வாங்குவதைத்தான் அங்கே பட்டுவாடா என்பார்கள். வேலையை விட்டு வந்தாள், வழக்கத்தை விடவில்லை. அவளை நம்பியிருக்கும் கலைஞர்கள் முப்பத்தோரு பேர். சீரியல்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணாக மட்டும் வருகிறவர், புறாவைக் கண்டால் பயப்படும் மந்திர வித்தைக்காரர், விளம்பரங்களில் கைக்குழந்தைக்குக் குரல் கொடுக்கும் அறுபது வயதுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு ரகம். அவர்களில் யாருக்கு எந்த வாய்ப்பு வந்தாலும், அக்கா அன்றைய தேதி முத்திரையைக் குத்துவாள். புத்தகத்தில் ஒரு வரி எழுதுவாள். அன்றைக்கே கலைஞரிடம் சொல்லிவிடுவாள். அவர் அடுத்த முறை வரும்போது வரியின் கடைசிக் கட்டத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நல்ல வாய்ப்பு, கெட்ட வாய்ப்பு என்ற பேதம் கிடையாது. ஒரு தடவை, புதிதாகத் திறக்கும் காய்கறிக் கடை வாசலில் தக்காளி வேஷம் போட்டு நிற்க ஆள் தேவை என்று மந்திர வித்தைக்காரருக்குக் கடிதம் வந்தது.

"என்னைப் பாத்தா தக்காளி மாதிரியா இருக்கு? இதையெல்லாம் எங்கிட்ட காட்டணுமா அக்கா? நீங்களே கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல?" என்று அவர் குதித்தார்.

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வரவே இல்லைன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். மறுநாள் போய்த் தக்காளியாகவும் நின்றார். அங்கே புறா கிடையாதே!

புதிதாக வருகிறவர்களிடம் பதிவுக் கட்டணம், போட்டோச் செலவு என்று சொல்லி அவள் எதையும் வாங்குவதில்லை. ஒரே வேஷத்துக்குத் தன் ஆட்கள் இரண்டு பேரை அனுப்பினால் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவாள். ஒரு கம்பெனிக்காரர் ஆசையாகச் சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாக அனுப்பியபோது, அதை அப்படியே கட்டி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாள். "கடிகாரம் வழியெல்லாம் அடிச்சுக்கிட்டே போச்சாம். தபால் ஆபீஸ்ல வெடிகுண்டுன்னு எல்லாரும் வெளியே ஓடியிருக்காங்க" என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கடிதத்தை ஒளித்து வைத்தாள். அதுவும் யாருடைய கடிதத்தை? அழுகாச்சியின் கடிதத்தை!

அழுகாச்சி யார் என்று சொல்லிவிடுகிறேன். சீரியல் பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியும். கைவிடப்பட்ட மனைவி, மகனால் துரத்தப்பட்ட தாய், திருட்டுப்பழி சுமந்த வேலைக்காரி, எல்லாம் அவள்தான். "இடது கண்ணு மட்டும்" என்று இயக்குநர் சொன்னால் இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு இறங்கும். அது கன்னத்தின் பாதியில் நிற்க வேண்டும் என்றாலும் நிற்கும். படப்பிடிப்புத் தளத்தில் செல்லமாக வைத்த பெயர் அழுகாச்சி. அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் நேரில் அவளைப் போல வாயாடி கிடையாது. அழுகைக் காட்சி முடிந்த மறுகணம் விளக்குப் பிடிக்கிறவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேடையில் நின்று ஒரு கொட்டகை ஜனத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். ஐம்பத்தொரு வயதாகியும் அந்த ஆசை நிறைவேறவில்லை.

அது நிறைவேறாமல் போன கதையில்தான் தபால் அக்கா பிறந்தாள்.

இருபத்தோரு வருடங்களுக்கு முன்னால், தினமும் பதினொரு மணிக்கு ஓர் இளம்பெண் பதிவுத் தபால் கவுண்டருக்கு வருவாள். "எனக்கு ஏதாவது லெட்டர் இருக்கா?" என்று கேட்பாள். விலாசத்துக்குப் போய்ச் சேராத கடிதங்கள் தபால் ஆபீஸிலேயே எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது அவளுக்கு வேறொரு ஏஜென்ட். எப்போதும் வெள்ளை ஷூ போடுகிறவர். "உன்னை யாரும் கூப்பிடலைம்மா. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கம்பெனில உன்னை வச்சிருக்கேன்" என்பார். உண்மையில் அவர் அந்தக் கம்பெனியிடம் தனக்கு வேண்டியதைத் தனியாக வாங்கிக்கொண்டு, அவளை வேறு எங்கும் போகவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒரு நாடகக் குழுவின் பதிவுக் கடிதம் திரும்பி வந்தது. மேலே அந்தப் பெண்ணின் பெயர், ஏஜென்டின் விலாசம். குறுக்கே, 'வாங்க மறுத்துவிட்டார்'. கீழே வெள்ளை ஷூக்காரரின் கையெழுத்து. அது மூன்றாவது தடவை. கவுண்டரில் இருந்தவளுக்கு அதை அந்தப் பெண் கையிலேயே கொடுத்துவிடத் தோன்றியது. ஆனால் விதி விதிதானே? அனுப்பியவருக்குத்தான் அது திரும்பிப் போக வேண்டும். பதினொரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள்.

"எனக்கு ஏதாவது லெட்டர் இருக்கா?"

"உன் கையில கொடுக்கிற மாதிரி எதுவும் இல்லைம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். மணிக்கூண்டுக்குப் பின்னால ஒரு நாடகக் கொட்டகை இருக்கு பாரு, அது வரைக்கும் தினம் நடந்தா உடம்புக்கு நல்லது. இன்னிக்கே ஆரம்பிச்சிடு."

அவள் ஓடினாள். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஒரு நகைச்சுவை நாடகத்தின் முக்கிய வேஷம் அது. மூன்று கடிதம் போட்டுப் பார்த்துப் பதில் வராமல் முந்தின நாள்தான் வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு கவுண்டருக்கு வந்தவள் கேட்ட கேள்வி வேறு.

"நீங்களே எனக்கு ஏஜென்டா இருக்கிறீங்களா அக்கா? ஒருத்தர் லெட்டர் அவங்க கைக்குப் போய்ச் சேரணும்னு உங்களுக்குத்தான் தோணுது."

அப்படித்தான் முதலில் மாலை வேளைகளில், பிறகு முழு நேரமாக, அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தாள். பட்டுவாடாப் புத்தகத்தின் முதல் பக்கத்து முதல் கையெழுத்து அழுகாச்சியுடையது. சினிமாவும் நாடகமும் சீரியலும் அவளுக்கு அழுகையையே கொடுத்தன. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

காலை பத்து மணிக்குத் தபால் வந்தது. அக்கா வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பிரித்து, டப் டப் என்று முத்திரை குத்தி, புத்தகத்தில் எழுதினாள். இரண்டாவது கடிதம் அழுகாச்சிக்கு. ஒரு நாடகக் குழுவிலிருந்து. லாட்ஜ் நடத்தும் ஓர் அம்மாள் சாவியைத் தொலைத்துவிட்டு நாற்பது அறைகளையும் புரட்டிப் போடும் முழு நீள நகைச்சுவை. மொத்தம் நாற்பது மாலை, நாற்பது காட்சிகள். 'வியாழன் மாலை ஐந்து மணிக்கு வந்து வசனம் படித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கே முடிவு செய்கிறோம்.' வரியை எழுதி முடித்த அக்கா சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். அப்போது கதவு திறந்தது.

வந்தவன் அவளுடைய தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். தாய் இல்லாத குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். இப்போது ஒரு சீரியல் கம்பெனியில் நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. நேராக ஆட்டக்கால் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தான்.

"அக்கா, என் தலை தப்பறது உன் கையிலதான் இருக்கு."

"உன் தலை என் கைல இருந்தப்போ பேன்தான் இருந்தது. விஷயத்தைச் சொல்லு."

சொன்னான். மூன்று வருடம் ஓடப்போகும் புதிய சீரியல். தாய் வேடத்துக்கு அழுகாச்சியே வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்த மூன்று வருடமும் அவள் வேறு எங்கும் நடிக்கக் கூடாது. வியாழக்கிழமைக்குள் அவள் கையெழுத்து வராவிட்டால் தம்பிக்கு ஆடைக் கிடங்கில் வேலை.

"அழுக்குத் துணியை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன் அக்கா. உன் தம்பி. நீ வளர்த்த தம்பி."

அவன் கண் கலங்கியது. அக்காவின் நெஞ்சு உருகியது. கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். நாற்பது காட்சி எங்கே, மூன்று வருடம் எங்கே? ஐம்பத்தொரு வயதில் மேடையில் விழுந்து எழுந்தால் முழங்கால் என்ன ஆகும்? எல்லாம் அவளுடைய நல்லதுக்குத்தான். மனசு ஒரு காரியத்தைச் செய்ய முடிவு பண்ணிவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்! மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். கடிதத்தை உள்ளே போட்டாள். பூட்டினாள்.

மத்தியானம் போனில் சீரியல் விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"மூணு வருஷமா?" அழுகாச்சி பெருமூச்சு விட்டாள். "தண்ணிக் கஷ்டம் வந்தா ஊருக்கே நான் கண்ணீர் சப்ளை பண்ணலாம். சரிக்கா, வியாழக்கிழமை மூணு மணிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்." பிறகு, இருபத்தோரு வருடப் பழக்கத்தில், விளையாட்டாகக் கேட்டாள். "வேற ஏதாவது லெட்டர் இருக்கா எனக்கு?"



"இல்லை" என்றாள் அக்கா.

ஐயோ! அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை. புதன்கிழமை தேநீரில் உப்பைப் போட்டாள். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு. அடுத்த வாட்டி கொஞ்சம் மிளகும் போடு" என்றார். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பின்னால் யார் முணுமுணுக்கிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடிக்கிறவர். ஆனால் எதுவும் கேட்கவில்லை. "டிக்கெட் வாங்காத ஆளு தானா எழுந்து வந்து சொல்லிடுவான். ஸ்டாப்பு வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

வியாழன் மதியம் மூன்று மணி. ஒப்பந்தக் காகிதத்தோடு தம்பி ஆட்டக்கால் நாற்காலியில் தயாராக இருந்தான். இன்னொரு நாற்காலியில் பொம்மைக்காரர். வாயசைக்காமல் பொம்மையைப் பேச வைக்கிற கலைஞர் அவர். தானாக வாய் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத கூச்ச சுபாவம். கறுப்புக் கோட்டுப் போட்ட அவருடைய பொம்மைக்கு வக்கீல் என்று பெயர். வக்கீலோ எதையும் பட்டென்று சொல்லிவிடும். ஒரு பள்ளி விழா வாய்ப்புக்குக் கையெழுத்துப் போட வந்திருந்தார்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகாச்சி உள்ளே வந்து மூன்றாவது நாற்காலியில் சாய்ந்தாள்.

"அடுத்த தடவை ஏஜென்ட் பிடிச்சா தரைத் தளத்துல பிடிக்கணும். எங்கப்பா அந்தக் காகிதம்?" தம்பி நீட்டினான். "இரு. முதல்ல அக்கா புத்தகத்துல போடணும், அப்புறம்தான் உன்னுது. புத்தகம் எங்கேக்கா?"

புத்தகம்! அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. கடிதத்தை ஒளித்தாளே தவிர, அதற்கு முன்பே அவள் கை பழக்கத்தில் புத்தகத்தில் எழுதிவிட்டது. சீரியல் வரிக்கு நேர் மேலே அந்த வரி இருக்கிறது. கையெழுத்துக் கட்டம் காலி.

"புத்தகமா... அது பைண்டிங்குக்குப் போயிருக்கு."



"உங்க முழங்கைக்குக் கீழதான் இருக்கு" என்றது வக்கீல்.

பொம்மைக்காரர் பதறிப்போய்ப் பொம்மையின் வாயைப் பொத்தினார். "மன்னிக்கணும்" என்றார் தன் குரலில்.

அழுகாச்சி சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருபத்தோரு வருட நம்பிக்கை. அந்தப் பக்கம் கூடப்பிறந்த தம்பி. நடுவில் ஒரு முழங்கை. கிழித்துவிடலாம், மை கொட்டிவிட்டது என்று சொல்லலாம், ஏதாவது சொல்லலாம். அக்கா முழங்கையை எடுத்தாள். புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மேல் வரியைப் படி" என்றாள்.

அழுகாச்சி படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். இழுப்பறையின் பூட்டு திறந்தது. கடிதம் அவள் கைக்கு வந்தது. உட்கார்ந்தபடியே அதையும் படித்து முடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை வந்திருக்கு."

"ஆமா."

"நான் கேட்டேனே அக்கா. வேற லெட்டர் இருக்கான்னு கேட்டேனே."

"கேட்டே. நான் பொய் சொன்னேன்."

"வெள்ளை ஷூ ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அழுகாச்சி மெதுவாக. "நீங்க எனக்கு ஏஜென்டா, இவனுக்கு அக்காவா?"

"ரெண்டும்தான்."

"ஒரே நாற்காலில ரெண்டு பேரு உக்கார முடியாதுக்கா. அதுவும் அந்த நொண்டி நாற்காலில."

ஊரையே அழவைக்கும் அழுகாச்சியின் கண்களில் அன்றைக்கு ஒரு சொட்டு இல்லை. வறண்டு போய் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தன. அழுதது தபால் அக்காதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தோள் குலுங்க, மூக்கை உறிஞ்சி, ஓவென்று அழுதாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அழுகாச்சியால் தாங்க முடியவில்லை.

"மூக்கை உறிஞ்சாதீங்கக்கா. மைக்குல கேக்கும். தோளை இவ்வளவு ஆட்டக் கூடாது, கேமரா ஓரத்துல போயிடுவீங்க."

அக்கா அழுகையிலேயே சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த அழுகை இன்னும் மோசமாக இருந்தது.

"மணி மூணு நாப்பது" என்றது வக்கீல். "நாடகக் கொட்டகை நகரத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சு மணின்னு போட்டிருக்கு."

அழுகாச்சி கடிதத்தை மடித்தாள். "இப்ப ஏஜென்டா சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். "சீரியல்னா மூணு வருஷம் நிச்சயமான வேலை. நாடகம் நாப்பது காட்சி, அதுக்கப்புறம் என்னன்னு தெரியாது. இன்னிக்குப் போனாலும் வேஷம் கிடைக்கும்னு உறுதி இல்லை. விழுந்து எழுந்திரிக்கிற வேஷம், உன் முழங்கால் பாவம். நீ சீரியலை விட்டா என் தம்பிக்கு வேலை மாறும். அதனால என் பேச்சை அப்படியே நம்பாதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. லெட்டர் உன்னுது. முடிவும் உன்னுது."

அழுகாச்சி எழுந்தாள். ஒப்பந்தத்தைத் தம்பியின் மடியில் வைத்தாள். "கோவிச்சுக்காதேப்பா. அஞ்சு மணிக்கு அப்புறம் பதில் சொல்றேன்."

"அக்கா!" என்று தம்பி அலறினான்.

"என்னை ஏன்டா பாக்கிறே? நானும் கூடப் போகணும், வழியை விடு" என்றாள் தபால் அக்கா.

"என் வண்டி இருக்கு" என்றார் பொம்மைக்காரர். அவர் தன் சொந்தக் குரலில் முழு வாக்கியம் பேசியதை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பொம்மைகள். ஒரு முதலைக்கும் ஒரு ராணிக்கும் நடுவே அழுகாச்சி. முன்னால் மடியில் வக்கீலோடு அக்கா. கடைசி நிமிஷத்தில் தம்பியும் ஓடிவந்து ஏறிக்கொண்டான். "ஒருவேளை அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா, அங்கேயே கையெழுத்து வாங்கிடறேன்" என்றான். முதலை அவன் காதைக் கடித்தபடி வந்தது. வழியெல்லாம் அழுகாச்சி அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஒத்திகைக் கூடம். தரையில் பழைய விரிப்பு, சுவரோரம் பத்துப் பன்னிரண்டு நடிகர்கள். குழுவின் தலைவி, கழுத்தில் விசில் தொங்கும் குள்ளமான அம்மாள், கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

"வரமாட்டீங்கன்னு நினைச்சோம். வழக்கமா உங்க ஏஜென்ட் அன்னிக்கே பதில் சொல்லிடுவாங்கன்னு கேள்விப்பட்டோம்."

அக்கா தரையைப் பார்த்தாள். அழுகாச்சி அவளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "தபால்ல கொஞ்சம் தாமதம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காட்சி இதுதான்: லாட்ஜ்காரியின் இடுப்பில் ஒரு கயிறு, அதில் சாவிக்கொத்து தொங்குகிறது. அது தெரியாமல் அவள் சாவியைத் தேடுகிறாள். சாவிக்கொத்தை இடுப்பில் கட்டி, வசனத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அழுகாச்சி ஆரம்பித்தாள். முதல் இரண்டு நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. வசனம் சரியாக இருந்தது, வேகம் இருந்தது, ஆனால் வேறு யாரையோ பார்த்துச் செய்வது போல இருந்தது. சுவரோரம் ஒருவர் கொட்டாவியை அடக்கினார். தம்பி ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துக்கொண்டான். அக்கா வக்கீலின் கையை இறுகப் பிடித்தாள்.

அப்போது அழுகாச்சி தடுமாறினாள். தாளில் அடுத்த வரி கண்ணில் படவில்லை. இருபத்தோரு வருடம் காத்திருந்த மேடை காலடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பயத்தில் உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தது. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, அவளைக் கேட்காமலே, இறங்கியது.

"என் சாவி..." என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் குரல். "நான் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேனே! எந்தப் பாவி எடுத்தான்?" என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். அறைந்த வேகத்தில் இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்று குலுங்கியது. அவள் திடுக்கிட்டு நின்று, காதைத் தீட்டிக் கேட்டு, "அதோ! பக்கத்துல எங்கேயோ கூப்பிடுது!" என்று கதறிக்கொண்டு வேறு பக்கம் ஓடினாள்.

'ஹக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தம்பிதான். வாயைப் பொத்தியிருந்தான். அவள் விரிப்பைத் தூக்கி, "அம்மா இங்கதான் இருக்கேன்டா, சத்தம் கொடு!" என்றதும் அவன் கை வாயைவிட்டு நழுவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தான். ஒப்பந்தக் காகிதங்கள் நாலா பக்கமும் பறந்தன. அதற்குமேல் அந்தக் கூடத்தில் அடங்கியிருந்தவர் ஒருவரும் இல்லை. விசில்காரம்மா விசிலை ஊத முயன்று முடியாமல் விட்டுவிட்டார். அழுகாச்சி அத்தனை பேரின் சிரிப்புக்கும் நடுவில், கண்ணீர் வழிய வழிய, சாவி குலுங்கக் குலுங்க ஓடிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் கழித்துத் தம்பி வாசலில் நின்று முதலாளிக்குப் போன் செய்தான். "சார், அவங்க வரமாட்டாங்க சார்... நாடகத்துல எடுத்துக்கிட்டாங்க... இல்லை சார், நான் சிரிக்கலை... ஆமா சார், சிரிக்கிறேன்."

மறுநாளே அவனை ஆடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது, "அங்க யாரும் அழறதில்லைக்கா. துணி எதிர்த்தும் பேசாது" என்கிறான்.

நாடகம் கிடைத்த அந்த வியாழன் மாலையே எல்லோரும் மறுபடி இரண்டு மாடி ஏறினார்கள். அக்கா புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ வேற ஏஜென்டைப் பாத்துக்கறதுன்னா நான் தடுக்க மாட்டேன். நானே நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்றேன்."

"யாரு, வெள்ளை ஷூக்காரரா?" அழுகாச்சி புத்தகத்தைப் பிடுங்கித் திறந்தாள். "அவர் கடிதத்தை வாங்கவே மாட்டேன்னு சொன்னவர். நீங்க ஒளிச்சு வச்சீங்க, ஆனா அதுக்கும் முன்னாடியே புத்தகத்துல எழுதி வச்சீங்க. பொய் சொல்லக்கூடச் சரியா வராத ஏஜென்டை நான் எங்க போய்த் தேடறது?"

காலிக் கட்டத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், கொட்டை எழுத்தில், 'இரண்டு நாள் தாமதம்' என்று சேர்த்தாள். அக்காவின் தேதி முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, டப் என்று அவளே குத்தினாள்.

"இதுமேல காகிதம் ஒட்டினீங்கன்னா தெரியும் சேதி."

அக்கா ஒட்டவில்லை. புதிதாகக் கலைஞர்கள் யாராவது சேர வந்தால், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறாள். "இது நான் பண்ணின தப்பு. படிச்சிட்டு, அதுக்கப்புறம் நான் வேணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். இதுவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. தம்பியின் கம்பெனியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'என் தம்பி வேலை செய்யும் இடம்' என்று எழுதித்தான் கொடுக்கிறாள்.

நாடகம் நாற்பது காட்சியோடு நிற்கவில்லை. நூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டது. அழுகாச்சியின் முழங்காலில் இப்போது ஒரு பட்டை. முதல் காட்சியன்று அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கொட்டகையே சிரிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். கணவர் கைக்குட்டையை நீட்டி, "ஸ்டாப்பு வந்தாச்சு, இறங்கலாம்" என்றாராம்.

மேஜை இழுப்பறையின் பூட்டைக் கழற்றியாகிவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினொரு மணிக்குப் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். பிறகு, மூச்சு வாங்குவதற்கு நடுவிலேயே ஒரு குரல்:

"எனக்கு ஏதாவது லெட்டர் இருக்கா?"

அக்கா இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

"மூணு இருக்கு. ஒண்ணு தக்காளி வேஷம். ஏறி வா!"